உன்னை என்னிடம் தந்த வழக்கு

தர்சி,

நேற்றுப் பின்னேரம் நீ பாதிக்கதையில் போனை வெட்டியதற்கு நான் கோபிக்கவில்லை. வசந்தி உன் கலியாணத்துக்கு வர ஆசைப்படுகிறாளாம், கிளிவெட்டியிலிருந்து தம்பியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்றேன். “அந்த மனிசியின்ர கதையை என்னட்டை எடுக்காதேங்கோ அம்மா” என்றாய். அதோடு சரி. பெற்றவள் உனக்கு அந்த மனிசி, பெறாத நான் அம்மா. இத்தனை வருடத்தில் அது நம் வீட்டில் ஒருவருக்கும் விசித்திரமாகத் தெரிந்ததில்லை. “விடு, பிள்ளை வார்ட்டில நிண்டு களைச்சுப்போய் இருப்பாள்” என்று அப்பா சொன்னார். ஓம், கண்டி ஆஸ்பத்திரியில் உன் வேலை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் இது களைப்பு இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். அந்த வழக்கில் உனக்குத் தெரிந்தது, நீ நீதிமன்றத்திலும் சாட்சிக்கூட்டிலும் நின்று கண்டதும் கேட்டதும்தான். மற்றதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். பொறுமையாக வாசி.

டவுனில், ஓர்ஸ் ஹில்லில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். உன்னைப் பெற்ற அப்பா இலங்கைத்துறைக் கடலில் இறந்துபோனபோது உனக்கு நடக்கவும் தெரியாது. வசந்தி உன்னைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு வந்து தையல் கடையில் வேலை பார்த்தாள். அங்கேதான் மோகனைக் கட்டினாள். மீன் துறைக்கு ஐஸ் ஏற்றும் லொறி ஓட்டினவன். வெளியில் அவனைப்போல ஒரு நல்ல பிள்ளை கிடையாது. என்னைக் கண்டால் “அக்கா” என்று சொல்லி காஸ் சிலிண்டரைத் தானே வாங்கிக் குசினிவரை கொண்டுவந்து வைப்பான். கதவைச் சாத்தினால் வேறு ஆள். லொறி எஞ்சினின் தேய்ந்த பெல்ட் ஒன்று வைத்திருந்தான். அது காற்றைக் கிழிக்கும் சத்தம் முதலில் வரும், பிறகு உன் உடம்பில் விழும் சத்தம். ஆரம்பத்தில் நீ கத்துவாய். சில மாதத்தில் கத்துவதை விட்டுவிட்டாய். பெல்ட்டின் சத்தம் மட்டும் வரும். நான் தோசை சுட்டுக்கொண்டு நிற்பேன், தோசை கல்லில் கருகும். நீ செத்துப்போனாயோ என்று சுவரில் காதை வைப்பேன்.

நான் சும்மா இருக்கவில்லை. போய்க் கதவைத் தட்டினால் வசந்தி வெடித்த உதட்டோடு வந்து “விழுந்துட்டாள் அக்கா” என்பாள். உன் வகுப்பு ரீச்சரிடம் சொன்னேன். பொலிசில் சொன்னேன். ஒருவர் வந்தார், மோகன் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தான். “குடும்பப் பிரச்சினையம்மா, நீங்க தலைபோடாதீங்க” என்று எனக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு உனக்கு விழுந்தது என் முறைப்பாட்டுக்கான அடி. பக்கத்து வீட்டிலிருந்து எனக்கு அது தெரிந்தது. அதற்குப் பிறகு யாரிடம் போனாலும் அதைவிடப் பெரிதாக உனக்கு விழும் என்ற பயமும் வந்தது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நடந்ததை நீ நீதிமன்றத்தில் சொன்னாய். நான் கண்டதையும் கேள். அவன் சாப்பிட உட்காருமுன் நீ சட்டியிலிருந்து ஒரு பொரித்த மீன் துண்டு எடுத்துவிட்டாய், அவ்வளவுதான். தலைமயிரைப் பிடித்து உன்னைக் கிணற்றடிக்கு இழுத்துவந்தான். வாளிக் கயிற்றைக் கழற்றி உன் காலைக் கட்டினான். கப்பி கிறீச்சிடும் சத்தம் கேட்டு நான் தகரவேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தால், நீ தலைகீழாக இறங்கிக்கொண்டிருக்கிறாய். தண்ணீருக்குள் தலை போனது. இழுத்தான். “இனி எடுப்பியா?” என்றான். நீ பதில் சொல்லுமுன் திரும்ப இறக்கினான். வசந்தி அவன் காலைப் பிடித்துக் கதறினாள். அவன் உதைத்த உதையில் கிணற்றுக் கட்டில் அவள் முகம் மோதிப் பல்லெல்லாம் இரத்தம். நான் குசினிக்குள் ஓடி உலக்கையை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டினேன். தகரம் தொடையைக் கிழித்தது எனக்குத் தெரியவே இல்லை. ஆனால் அடிக்க ஏலாது, மகள். கயிறு அவன் கையில். அடித்தால் அவன் விடுவான், நீ உள்ளே போவாய். உலக்கையைச் சேலைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “தம்பி, காணும் தம்பி, போதும், பிள்ளைக்கு விளங்கிட்டுது, மேலே எடுங்கோ” என்று அவனைக் கெஞ்சினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பணிவாக நான் யாரிடமும் கதைத்ததில்லை. அவன் சிரித்தான். உன்னை மேலே இழுத்து, ஒரு நனைந்த சாக்கை எறிவதுபோல சீமேந்துத் தரையில் எறிந்தான். உன் கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

பிறகுதான் அடித்தேன். முதல் அடி தோளில். காறை எலும்பு போனது. இரண்டாவது முழங்காலில். விழுந்தான். மூன்றாவதைத் தலைக்கு ஓங்கினேன். பின்னால் வந்த அப்பா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “கொலை வழக்கில நீ உள்ளுக்குப் போனால் பிள்ளையை ஆர் பாக்கிறது?” என்று காதுக்குள் சொன்னார். அந்த நேரத்தில் அவர் உன்னைப் ‘பிள்ளை’ என்று எங்கள் கணக்கில் சேர்த்துவிட்டார் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த இரண்டு அடியும் எனக்கு இனித்தது, தர்சி. அதை மறைக்கமாட்டேன். அந்த இனிப்பு என்னைப் பயப்படுத்தியதும் உண்மை.

ஆஸ்பத்திரியில் சட்ட வைத்திய அதிகாரி உன் உடம்பைப் பார்த்து எழுதத் தொடங்கினார், எழுதிக்கொண்டே இருந்தார். பழைய முறிவுகள் தானாகப் பொருந்தியிருந்தன, நெஞ்சில் இரண்டு. தொடையில் ஆறிய சூடு. முறிந்த எலும்பு என்றதும் பொலிசுக்கு அது குடும்பப் பிரச்சினையாக இல்லாமல் போனது. ஒரு பெண் பொலிஸ் என் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். தமிழ் தெரிந்த ஒருவர் வந்து வாசித்துக் காட்டும்வரை போடமாட்டேன் என்று பொலிஸ் நிலைய வாங்கிலேயே குந்தியிருந்தேன். இதற்குள் மோகன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்மேல் ஒரு முறைப்பாடு கொடுத்துவிட்டான். ஆக, வழக்கு இரண்டு. உன்னைச் சித்திரவதை செய்ததற்கு அவன்மேலும், பாராமல் விட்டதற்கு வசந்திமேலும் ஒன்று. அவனை அடித்து முறித்ததற்கு என்மேல் இன்னொன்று. இரண்டும் ஒரே நீதவான் நீதிமன்றத்தில்.

என் வழக்கு மழைபோல விரைவாக வந்து முடிந்தது. உலக்கையைத் தாளால் சுற்றி, முத்திரை குத்தி, மேசையில் வைத்திருந்தார்கள். குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்டார்கள். “அடிச்சனான் ஐயா. குற்றவாளிதான்” என்றேன். “வருத்தப்படுறீங்களா?” என்றார் நீதவான். “பிள்ளை மேலே வரும்வரைக்கும் பொறுத்துத்தான் ஐயா அடிச்சனான்” என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. ஒத்திவைத்த சிறைத்தண்டனையும் தண்டமும். அதாவது, திரும்ப யாரையும் அடித்தால் உள்ளே போகவேண்டும். உன் வழக்கோ தவணை தவணையாகப் போனது. அந்த மாதங்களில் நீ கன்னியாஸ்திரிகளின் சிறுவர் இல்லத்தில் இருந்தாய். நான் ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில் பூசை முடிந்து வந்தால் கேற்றடியில் நிற்பாய். மாவுக்கட்டுப் போட்ட கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் கேட்கமாட்டாய். நான் போகும்போது மட்டும் “அன்ரி, அவர் வந்தவரோ?” என்பாய், மோகனைத்தான்.

உன்னை யாரிடம் ஒப்படைப்பது என்ற விசாரணை வந்தது. பிணையில் வந்திருந்த மோகன், தாயிடமே பிள்ளையைக் கொடுக்கவேண்டும் என்று ஒரு சட்டத்தரணியைப் பிடித்திருந்தான். நீ வீட்டுக்கு வந்துவிட்டால் சாட்சி அவன் கைக்குள். நன்னடத்தை அதிகாரி எங்கள் வீட்டைப் பார்த்து நல்லபடி எழுதியிருந்தார். ஆனால் “உங்கட பேரில அடிபிடித் தீர்ப்பு இருக்கு, அதுதான் இடிக்குது” என்று முகத்துக்கு நேரே சொன்னார். வழக்குக் கூப்பிட நேரமிருந்தது. நான் பின்பக்கம் பெண்களின் கழிப்பறைக்குப் போனேன். வசந்தி பின்னாலேயே வந்தாள். தண்ணீர்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, உள்ளுக்கை நான் பிள்ளையைக் கேப்பன். கத்திக் கேப்பன். அவர் சொல்லித்தந்து கூட்டிக்கொண்டு வந்தவர். நீங்க விட்டுக்குடுத்திடாதேங்கோ.”

“அப்ப உண்மையைச் சொல்லன்டி” என்றேன்.

சட்டைக்கையை மேலே தூக்கினாள். தோளிலிருந்து முழங்கைவரை பல் பதிந்த காயங்கள், சில புதியது, சில சீழ் கட்டினது. “சொன்னா இண்டைக்கு நான் வீட்டை போய்ச் சேரமாட்டன். என்னை விடுங்கோ. அவளைக் குடுக்காதேங்கோ. அவளுக்கும் இதைச் சொல்லாதேங்கோ, கூட்டில வைச்சுக் கேட்டால் சின்னப்பிள்ளை வாய் தவறிச் சொல்லிப்போடும்.” முகத்தைக் கழுவிக்கொண்டு எனக்கு முன்னால் வெளியேறிப் போனாள்.

உள்ளே அவள் கத்தின கத்தலை நீயும் கேட்டாய், கன்னியாஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். “என்ர பிள்ளையைத் தாங்கோ! குழப்படிக்காரி, தானே விழுந்தவள்! இந்தப் பொம்பிளை என்ர மனிசனை முறிச்சுப்போட்டு என்ர பிள்ளையையும் களவெடுக்கப் பாக்கிறாள்!” நெஞ்சில் அடித்தாள், என்மேல் காறித் துப்பினாள். துப்பல் என் கன்னத்தில் விழுந்தது. நான் துடைக்கவில்லை. அந்தக் கத்தலை நம்பியே நீ வளர்ந்தாய். நீதவான் என் பெயரில் இருந்த தீர்ப்பைப் பார்த்து இல்லையென்று தலையாட்டினார், இந்த அம்மாவிடம் கொடுக்க முடியாது என்றார். அப்போது, கோடு கச்சேரி என்றாலே வேர்த்துப்போகும் உன் அப்பா பின் வாங்கிலிருந்து எழும்பினார். “ஐயா, என்ர பேரில குடுங்கோ. நான் ஒருத்தரையும் அடிக்கேல்லை.” பிள்ளை சைவம், நீங்கள் வேதக்காரர், பிள்ளையின் சமயத்திலேயே வளர்ப்பீர்களா என்று கேட்டார்கள். “ஓம் ஐயா” என்றார். வெள்ளிக்கிழமைகளில் அவர் உன்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், சேர்ட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கோயில் உள்வீதியில் உனக்காக நின்றது நீ நினைத்ததுபோல வேண்டுதல் இல்லை, நீதிமன்றத்துக்குக் கொடுத்த வாக்கு.

அன்றைக்கே வாசலில் அதற்கு விலை கொடுத்தார். உன்னைத் தூக்கிக்கொண்டு கேற்றைத் தாண்டுகிறார், மோகன் ஓடிவந்து ஹெல்மெட்டால் முகத்தில் அடித்தான். ஒன்று, இன்னொன்று. டவுனுக்குள் மாடுபோலத் திரிந்து, மர நிழலில் சாப்பாட்டுத் தாள் மென்றுகொண்டிருந்த மான்கள் நாலுபக்கமும் பாய்ந்தன. அப்பா உன்னை விடவில்லை, திருப்பி அடிக்கவும் இல்லை. உன் தலையைத் தன் நெஞ்சுக்குள் அமுக்கிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். என் கை என்னிடம் இல்லை. ஆனால் நான் அடித்தால் சிறை, சிறை என்றால் உன்னைத் திருப்பி எடுத்துவிடுவார்கள். மதிற்கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன், அவ்வளவுதான். அப்பாவின் முன்பல் இரண்டும் அன்று போனவை. அந்த அடியை நீ காணவில்லை, பிறகு கேட்டபோது வழுக்கி விழுந்தேன் என்று உனக்குச் சொல்லியிருந்தார். பொலிசின் கண்முன்னால் நடந்ததால் மோகனின் பிணை ரத்தானது, கொஞ்சக் காலம் விளக்கமறியலில் கிடந்தான். வசந்தியை அந்த நீதிமன்றம் எச்சரித்து விடுவித்தது.

பிறகு வழக்குத் தாள்கள் கட்டின கோவை கொழும்புக்குப் போனது. அரசாங்கத்துக்காக வழக்குப் போடுகிற சட்டமா அதிபரிடமிருந்து அது மேல் நீதிமன்றத்துக்குத் திரும்பி வர நீ பெரியபிள்ளையாகிவிட்டாய். வந்த பிறகும் ஒரு தவணைக்கு வைத்தியர் வெளிநாட்டில், ஒரு தவணைக்கு அவனுக்குச் சுகமில்லை, ஒரு தவணைக்கு நீதிபதிக்கு இடமாற்றம். ஒவ்வொரு அழைப்பாணைக்கும் நீ சாப்பாட்டை விட்டாய். மறந்துவரும் ஒன்றைக் கிளறிக் கிளறிப் புண்ணாகவே வைத்திருப்பதுதான் அந்த நடைமுறை. கடைசியில் பள்ளிக்கூடத்து ஓ.எல் சோதனையை முடித்த கையோடு கூட்டில் ஏறினாய். “கொய்யா மரத்தால விழுந்ததுதானே?” என்றார் எதிர்ச் சட்டத்தரணி. “எங்கட வளவில கொய்யா மரம் இல்லை” என்றாய். “இப்ப வளக்கிறவ சொல்லித் தந்து கதைக்கிறீங்களோ?” என்றார். நீ அவரையே பார்த்தாய். “தண்ணிக்குள்ள தலைகீழா மூச்சு எடுத்தால் மூக்குக்குள்ள எப்பிடி எரியும் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரேல்லை ஐயா” என்றாய். அடுத்து எதிரியான மோகனின் சாட்சியாக வசந்தி ஏறினாள். “விழுந்தவள்” என்றாள். திரும்பக் கேட்டார்கள். “விழுந்தவள்.” நீ வெளியே ஓடிப்போய்ப் படியில் சத்தி எடுத்தாய். “அம்மா” என்று என்னை நீ முதன்முதல் கூப்பிட்டது அந்தப் படியில்தான்.

உன் சாட்சியத்துக்குப் பிறகு அவன் சட்டத்தரணி பேரம் பேசினார். குறைந்த குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டான். தீர்ப்பு வாசித்தார்கள்: நட்டஈடும், ஒத்திவைத்த சிறைத்தண்டனையும். இரண்டு அடி அடித்த எனக்கும், இரண்டு வருடம் ஒரு குழந்தையைப் பிழிந்த அவனுக்கும் ஒரே வகைத் தண்டனை. எதிரிக் கூண்டிலிருந்து சிரித்துக்கொண்டு இறங்கினான். அந்த நீதிமன்றத்தை நான் பல நாள் சபித்திருக்கிறேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், அது எனக்கு நீதியைத் தராவிட்டாலும் உன்னைத் தந்தது. அதோடு கணக்குத் தீர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். இரண்டையும் தந்திருக்கவேண்டும்.

தீர்ப்பு வந்த அதே கிழமை அவன் வசந்தியின் தாடையை முறித்தான். அவள் உடுத்த உடுப்போடு கிளிவெட்டிக்கு, தம்பி வீட்டுக்கு ஓடிவிட்டாள். அவன் இப்போது நிலாவெளிப் பக்கம் வேறு குடும்பமாக இருக்கிறான். அந்த வீட்டில் சின்னப்பிள்ளை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, நன்னடத்தை அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லியிருக்கிறேன். திரும்பவும் போவேன்.

கழிப்பறைக் கதையை இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். முதலில் வழக்குக்காக. பிறகு, அவள்மேல் இருந்த கோபம்தான் உன் முதுகெலும்பு என்று எனக்குத் தோன்றியது. அதை உருவி எடுக்கத் துணிவு வரவில்லை. இப்போது நீ ஒரு குடும்பத்தைத் தொடங்கப்போகிறாய். உன் மாப்பிள்ளை நல்ல பிள்ளை, எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் தாயாய்ச் சொல்கிறேன்: கை ஓங்கினவனோடு அடுத்தநாள் இருந்து தேத்தண்ணி குடிக்காதே. எந்த நேரம் என்றாலும் இங்கே வா. இன்னொன்று, இதைக் கோபிக்காமல் கேள். நித்திரையில்லாமல், பிள்ளை கத்திக் கத்தி, உன் கையே தானாக எழும்புகிற நாள் ஒன்று வரும். அடி வாங்கி வளர்ந்தவர்களுக்கும் வரும், வாங்காதவர்களுக்கும் வரும். எனக்கு வந்திருக்கிறது. பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு முற்றத்துக்குப் போய் என்னைக் கூப்பிடு. கத்தட்டும், கத்துகிற பிள்ளை சாகாது.

தம்பி வந்து சொன்ன பிறகு, போன ஞாயிறு உனக்குச் சொல்லாமல் கிளிவெட்டிக்குப் போனேன். வசந்தி வயலில் கூலிக்கு நின்றாள். கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். தாடை ஒருபக்கம் கோணிப் பொருந்தியிருக்கிறது, சொல்லெல்லாம் சறுக்குகிறது. மன்னிப்புக் கேட்கவில்லை, அழவில்லை. தாலி கட்டும்போது சனத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே போய்விடுவதாகச் சொன்னாள். பஸ்ஸுக்கு எழும்பும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அக்கா, என்னைப் பற்றி எப்பவாவது கதைக்கிறவளோ?”

கூட்டில் ஏறிப் பொய் சொன்னவள் என்று இத்தனை காலம் அவளை வாய் ஓயாமல் திட்டினவள் நான். அவள் முகத்தைப் பார்த்து, “ஓம், கதைக்கிறவள்” என்றேன். அவள் கோணின வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு வீட்டுக்குள்ளே போய்விட்டாள்.

கலியாணத்துக்கு அவளைக் கூப்பிடு என்று நான் சொல்லமாட்டேன், மகள். அந்தப் பந்தல் உன்னுடையது. ஆனால் ஒருதரம் எனக்குப் போன் எடுத்து அவளைப் பற்றிக் கதை. திட்டியாவது கதை.

அம்மா